டேடோனாவை வென்றவருக்குச் சனிக்கிழமை ராத்திரி சின்ன டிராக் மேல் ஏன் இவ்வளவு ஏக்கம்?

கேள்வி இதுதான்: "டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் 26 பந்தயங்களை வென்றவர். அதன் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ 2004-லும் 2014-லும் ஜெயித்தவர். பணத்துக்கும் புகழுக்கும் குறைவே இல்லை. அப்படிப்பட்டவர் பேச ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி ஊர்ப்புறத்துச் சின்ன டிராக்கிலேயே வந்து நிற்கிறாரே, ஏன்? ரசிகர்களைக் குளிர்விக்கிற பேச்சா, இல்லை நிஜமாகவே ஏக்கமா?"

நிஜமான ஏக்கம்தான் என்பது என் கட்சி. அதற்கு நான் வைக்கிற முதல் சாட்சி கொஞ்சம் விநோதமாகப் படலாம். அந்தச் சின்ன டிராக்குகளில் அவர் பெரிதாக எதையும் ஜெயிக்கவில்லை. 90-களில் லேட் மாடல் என்ற சின்ன டிராக் பந்தயக் கார்களில் நூறு பந்தயங்களுக்கு மேல் ஓட்டினார். ஜெயித்தது மூன்று. பழைய வெற்றிகளை அசைபோடுவதற்கு அங்கே சரக்கே இல்லை. ஆகவே அவர் தேடுவது வேறு எதையோ. அது என்ன என்று புரிய, வாரப் பந்தயம் எப்படி நடக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், குறிப்பாக வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா பக்கம், சிறு நகரங்களை ஒட்டி ஒரு நீள்வட்ட டிராக் இருக்கும். சுற்றளவு 400 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை. சில இடங்களில் தார், சில இடங்களில் செம்மண். ஏப்ரல் வாக்கில் தொடங்கி இலையுதிர் காலம் வரை அநேகமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பந்தயம். மத்தியானம் கேட் திறப்பார்கள். வண்டிகள் டிரெய்லரில் வந்து இறங்கும். பயிற்சிச் சுற்றுகள், ஓட்டுநர் கூட்டம், தகுதிச் சுற்று எல்லாம் முடிந்து இருட்டும்போது விளக்கு போட்டு முக்கியப் பந்தயங்கள் ஆரம்பமாகும். ஒரே இரவில் நாலைந்து பிரிவுகள் ஓடும். கீழ்த்தட்டில் பழைய தெருக் காரை வெட்டி, உள்ளே இரும்புக் கூண்டு வைத்த ஸ்ட்ரீட் ஸ்டாக். மேல்தட்டில் லேட் மாடல்: குழாய்ச் சட்டகம், சுமார் 400 குதிரைத்திறன் கொண்ட வி8 இன்ஜின், பந்தயத்துக்காகவே கட்டிய வண்டி.

ஓட்டுகிறவர்கள் யார்? மெக்கானிக், லாரி டிரைவர், கோழிப்பண்ணைக்காரர், பள்ளி மாணவன். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சாயங்காலம் ஷெட்டில் வண்டி, சனிக்கிழமை பந்தயம். முதல் பரிசு வாங்கினாலும் பல டிராக்குகளில் டயர் செலவுக்கே சரியாகிவிடும். அடுத்த வாரமும் அதே ஆட்கள்தான். போன வாரம் உங்களை இடித்துத் தள்ளியவன் இந்த வாரம் உங்கள் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தியிருப்பான். ஒருவேளை கியர்பாக்ஸ் கடன் கேட்பான், நீங்களும் திட்டிக்கொண்டே கொடுப்பீர்கள்.

டேல் ஜூனியர் 17 வயதில் ஆரம்பித்தது இப்படித்தான். வட கரோலினாவின் கான்கார்ட் டிராக்கில், அண்ணன் கெர்ரியோடு சேர்ந்து வைத்திருந்த பழைய செவ்ரோலே மான்டே கார்லோ ஒன்றில். அப்புறம் லேட் மாடலுக்கு வந்தார். சன் டிராப் என்ற எலுமிச்சைச் சுவை சோடா அந்தப் பக்கத்தில் பிரபலம். அந்தப் பெயர் எழுதிய காரோடு மர்ட்டில் பீச், புளோரன்ஸ் என்று வாரா வாரம் போனார். அக்கா கெல்லியும் அந்தக் காலத்தில் லேட் மாடல் ஓட்டியவர். இன்று தம்பியின் ஜேஆர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணியை நிர்வகிப்பவர் அவர்தான். பகலில் நம் ஜூனியருக்கு என்ன வேலை தெரியுமா? நியூட்டன் என்ற ஊரில் அப்பாவுடைய செவ்ரோலே டீலர்ஷிப்பில் கார்களுக்கு ஆயில் மாற்றுவது. அந்த நேரத்தில் அப்பா நாஸ்காரின் முடிசூடா மன்னர், ஏழு முறை சாம்பியன். பையன் கராஜில் வண்டிக்கு அடியில் கிடக்கிறான்.

இந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் வரிசையாகப் பார்த்தால் இந்த ஏக்கத்தின் இன்னொரு முகம் தெரியும். தாத்தா ரால்ஃப் எர்ன்ஹார்ட், கனாபொலிஸ் ஊரின் பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பந்தயத்துக்கு வந்தார். 1956-ல் நாஸ்கார் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவின் தேசிய சாம்பியன். அவருக்குச் சின்ன டிராக்தான் சம்பள ஆபீஸ். வாரத்தில் பல இரவுகள் ஓட்டி, பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்தினார். வண்டியை நொறுக்கினால் அடுத்த வாரச் சாப்பாடு கஷ்டம் என்பதால் கடைசிச் சுற்றுகள் வரை வண்டியைக் காப்பாற்றி, அப்புறம் முந்துகிற ஆள் என்று பெயர் எடுத்தவர். 1973-ல், 45 வயதில், மாரடைப்பில் இறந்தார்.

அப்பா டேல் எர்ன்ஹார்ட், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கடன் வாங்கி வண்டி கட்டி, வாரக்கடைசிப் பரிசுப் பணத்தில் கடனை அடைத்து, திரும்பவும் கடன் வாங்கி என்று பல வருஷம் தள்ளினார். அவருக்குச் சின்ன டிராக் என்பது எப்படியாவது தப்பித்து வெளியேற வேண்டிய இடம். 1979-ல் கப் தொடரின் சிறந்த புதுமுகம், 1980-ல் சாம்பியன். வெளியே வந்துவிட்டார்.

பேரனுக்கு மட்டும்தான் அந்த இடத்தை நினைத்து ஏங்குகிற வசதி இருந்தது. பசி இருந்தவனுக்கு அது பிழைப்பு, பசி இல்லாதவனுக்குத்தான் அது பசுமையான நினைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இவருடைய ஏக்கத்தைக் கேட்கும்போது தாத்தா இதே இடத்தைப் பற்றி இதே குரலில் பேசியிருப்பாரா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

சரி, வெற்றி இல்லை, பணம் இல்லை. பின்னே என்னதான் இருந்தது? வேலை இருந்தது. கையில் கிரீஸ் படுகிற வேலை. ஒரே ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நீள்வட்ட டிராக்கில் வண்டி எப்போதும் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். அதனால் வலது பின்சக்கர டயரின் சுற்றளவை இடது பின்சக்கரத்தைவிடச் சில சென்டிமீட்டர் பெரிதாக வைப்பார்கள். இதை ஸ்டாகர் என்பார்கள். டீ குடிக்கிற பேப்பர் கப்பைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வளைந்து போகும் அல்லவா, அதே கதைதான். பின் அச்சு பூட்டிக் கிடப்பதால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், பெரிய டயர் அதிக தூரம் போகும், வண்டி தானாகவே இடப்பக்கம் வளையப் பார்க்கும். எவ்வளவு வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கம்மியாக வைத்தால் திருப்பத்தில் மூக்கு திரும்பாமல் சுவரைப் பார்த்துப் போகும். அதிகமாக வைத்தால் வால் வெளியே வழுக்கும். இந்தத் தந்திரத்தை முதலில் புரிந்து பயன்படுத்தியவராகப் பலரும் சொல்வது யாரை? தாத்தா ரால்ஃபைத்தான்.

வாரப் பந்தயத்தில் இதையெல்லாம் செய்வது ஓட்டுநரும் அவருடைய இரண்டு மூன்று கூட்டாளிகளும்தான். டயரில் காற்று ஏற்றி, டேப் பிடித்துச் சுற்றளவை அளந்து, ஒத்துப்போகிற ஜோடியைத் தேடி எடுப்பார்கள். பயிற்சிச் சுற்று முடிந்து உள்ளே வந்ததும் நீளமான ரென்ச்சை விட்டு ஸ்பிரிங் மேலே இருக்கிற திருகை அரைச் சுற்று திருப்புவார்கள். அதில் ஒரு மூலையின் எடை இன்னொரு மூலைக்கு மாறும். திரும்பப் போய் நாலு சுற்று. வண்டி இப்போது கொஞ்சம் கேட்கிறது, அல்லது இன்னும் மோசமாகிவிட்டது. எதுவானாலும் ஐந்தே நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும். தோற்றாலும் எதனால் தோற்றோம் என்று தெரியும், ஏனென்றால் அந்தத் திருகைத் திருப்பியது உங்கள் கை.

கப் தொடரில் இது கிடையாது. பெரிய அணிகளில் நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கிறார்கள். இன்ஜினுக்கு ஒரு கட்டடம், ஏரோடைனமிக்ஸுக்கு ஒரு பொறியாளர் குழு, கணினியில் பாவனைப் பந்தயம். ஓட்டுநர் வந்து உட்கார்ந்து, ஓட்டி, வண்டி எப்படி இருந்தது என்று வாயால் விவரித்துவிட்டு, ஸ்பான்சர் நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதுவும் ரசிகர் வாக்கில் 2003 முதல் 2017 வரை தொடர்ந்து 15 வருஷம் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது வாங்கியவருக்கு அந்த நிகழ்ச்சிகள் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இதை அதிகம் இழுக்க விரும்பவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500-இன் கடைசிச் சுற்றில் அப்பா விபத்தில் இறந்தார். அதே பந்தயத்தில் ஜூனியர் இரண்டாவதாக முடித்தார். லேட் மாடல் ஓட்டிய காலம் என்பது அவருக்கு அப்பா உயிரோடு இருந்த காலமும்கூட. சன் டிராப் கார் எந்த வருஷத்தைக் குறிக்கிறது என்று யோசித்தாலே போதும்.

பேச்சு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? 2017-ல் முழுநேர ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்தவற்றைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம் போய்விட்டது. நார்த் வில்க்ஸ்போரோ கதை இதற்குச் சரியான உதாரணம்.

வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டி, ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன இடம். போலீஸுக்குத் தண்ணி காட்டிச் சாராயம் கடத்திய ஓட்டுநர்கள்தான் நாஸ்காரின் ஆரம்பகால நட்சத்திரங்களில் பலர். அங்கே 1947-ல் திறந்த டிராக் இது. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கட்டும்போது தரையைச் சமப்படுத்தப் பணம் பற்றவில்லை. அதனால் முன்பக்க நேர்ப்பாதை இறக்கம், பின்பக்க நேர்ப்பாதை ஏற்றம். அந்தக் கோணல் அப்படியே தங்கி, டிராக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கப் தொடர் 1996 செப்டம்பரில் கடைசியாக அங்கே ஓடியது, ஜெஃப் கார்டன் வென்றார். அதன் பிறகு பந்தயத் தேதிகளைப் பெரிய, புதிய டிராக்குகள் எடுத்துக்கொண்டன. இடையில் ஓரிரு முறை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. கூரை சரிந்தது, தார் வெடிப்புகளில் செடி முளைத்தது.

2019 டிசம்பரில் ஜூனியர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் களையைப் பிடுங்கினார். டிராக்கைத் திறப்பதற்காக அல்ல. ஐரேசிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டுக்காக லேசர் கருவியால் டிராக்கை அளந்து வைத்துவிட வேண்டும், இடிந்து போவதற்குள் கணினியிலாவது அது இருக்கட்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். தரை தெரிந்தால்தானே கருவி அளக்கும், அதற்குத்தான் களையெடுப்பு. 2020-ல் கொரோனாவால் நிஜப் பந்தயங்கள் நின்றிருந்தபோது, கப் ஓட்டுநர்கள் தொலைக்காட்சிக்காக ஓட்டிய கணினிப் பந்தயம் ஒன்று இந்த அளந்தெடுத்த வில்க்ஸ்போரோவில் நடந்தது. பழைய ரசிகர்களுக்கு ஆசை கிளம்பிவிட்டது. அடுத்த வருஷம் மாநில அரசு கொரோனா நிவாரண நிதியிலிருந்து இதற்கு 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. டிராக்கின் உரிமையாளர் மார்கஸ் ஸ்மித்தும் இறங்கினார்.

2022 ஆகஸ்ட் 31 இரவு லேட் மாடல் பந்தயம். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. 47 வயது ஜூனியர், பழைய சன் டிராப் வண்ணத்தில் மூன்றாம் எண் காரோடு வந்தார். அவருடைய அணியின் இளைஞர் கார்சன் குவாபில் வென்றார், முதலாளி மூன்றாவதாக வந்தார். 1981-ல் போட்ட அதே பழைய தார் மேல்தான் அன்று ஓடினார்கள். பழைய தார் சொரசொரப்பானது, டயரை அரம் மாதிரி தின்னும். ஆரம்பத்திலேயே பறந்தவன் பாதியில் பின்தங்குவான், டயரைப் பொத்திப் பாதுகாத்தவன் கடைசியில் வருவான். தாத்தா காலத்து ஆட்டம். அடுத்த மே மாதமே கப் தொடரின், சாம்பியன் பட்டப் புள்ளிகள் இல்லாத ஆல்-ஸ்டார் பந்தயம் அங்கே வந்தது, கைல் லார்சன் வென்றார். 2026 அட்டவணையில் புள்ளிகளுக்கான பந்தயமே வந்துவிட்டது. களையெடுக்கப் போனவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. 2023 தொடக்கத்தில் கெவின் ஹார்விக், ஜெஃப் பர்ட்டன், ஜஸ்டின் மார்க்ஸ் ஆகியோரோடு சேர்ந்து கார்ஸ் டூர் என்ற லேட் மாடல் தொடரையே விலைக்கு வாங்கினார். இந்த வியாபாரத்தில் யாரும் கோடீஸ்வரர் ஆனதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே கோடீஸ்வரர்கள் உள்ளே வந்து கொஞ்சம் குறைந்து போவதுதான் வழக்கம்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. டோனி ஸ்டூவர்ட் 2004-லேயே ஒஹாயோ மாநிலத்தின் எல்டோரா மண் டிராக்கை வாங்கினார். கைல் லார்சன் கப் பந்தயங்களுக்கு நடுவில் இன்றும் மண் டிராக்கில் ஸ்பிரிண்ட் கார் ஓட்டுகிறார். சின்ன டிராக்கின் ருசியே தனி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டிய முதல் பந்தயமும் மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் டிராக்கில்தான், 13-ஆவதாக முடித்தார். ஃபார்முலா ஒன்னில் சக்கரம் உரசினால் அன்றைய பந்தயமே போச்சு. மார்ட்டின்ஸ்வில்லில் உரசாமல் ஓட்டி முடித்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இந்த ஏக்கத்தில் எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. ஜூனியர் நினைவில் வைத்திருக்கும் 1994-ஆம் வருஷத்து வாரப் பந்தயமும் இன்றைய வாரப் பந்தயமும் ஒன்றல்ல. டயர், ஷாக் அப்சார்பர், இன்ஜின் எல்லாம் விலை ஏறிவிட்டன, பரிசுப் பணம் அந்த வேகத்தில் ஏறவில்லை. முன்னணியில் இருக்கும் லேட் மாடல் அணிகள் இன்று குட்டி கப் அணிகள் மாதிரி ஆகிவிட்டன. அப்பா பணம் கட்டி அனுப்பும் 15 வயதுப் பையன்கள் அதிகம். ஷெட்டில் சொந்தமாக வண்டி கட்டி வருகிற மெக்கானிக் அவர்களோடு மோத வேண்டியிருக்கிறது. ஜூனியரைப் போன்றவர்கள் லேட் மாடலுக்கு வெளிச்சம் கொண்டுவருவது நல்லதுதான், ஆனால் வெளிச்சம் வந்தால் பணமும் வரும், பணம் வந்தால் போட்டிச் செலவும் ஏறும். அந்தச் செலவுதான் பழைய ஆட்களைத் துரத்துகிறது.

ஜாஷ் பெர்ரியின் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. டென்னசியில் வங்கிக் கவுன்ட்டரில் வேலை பார்த்தவர். ஐரேசிங்கில் ஜூனியரோடு பழகி, 2010 முதல் அவருடைய லேட் மாடலை ஓட்டினார். பல வருஷம் அதே இடத்திலேயே இருந்தார். திறமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மேலே ஏற்றிவிட ஸ்பான்சர் பணம்தான் இல்லை. 2020-ல் நாஸ்கார் வாரப் பந்தயங்களின் தேசிய சாம்பியன் ஆனார். 2021-ல் மார்ட்டின்ஸ்வில்லில் இரண்டாம் நிலைத் தொடரில் முதல் வெற்றி. 2025-ல் லாஸ் வேகஸில் கப் பந்தயமே வென்றார், 34 வயதில். சின்ன டிராக்கிலிருந்து மேலே வரும் பாதை இன்னும் திறந்திருக்கிறது என்பதற்கு இவரைத்தான் காட்டுவார்கள். அப்படிக் காட்ட ஆள் அதிகம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

டிராக்குகளும் மூடிக்கொண்டே வருகின்றன. ஜூனியர் பாடம் படித்த மர்ட்டில் பீச் டிராக் 2020-ல் மூடப்பட்டது. 1996-ல் அவர் கப்புக்கு அடுத்த நிலையான புஷ் தொடரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் அங்கேதான். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், நிலத்தின் விலை. ஊர் வளர்ந்து டிராக் வரை வீடுகள் வந்துவிடும். சத்தம் என்று புகார் போகும். உரிமையாளருக்கு வயதாகியிருக்கும், பிள்ளைகளுக்கு இதில் விருப்பம் இருக்காது. மனை போடுகிறவர் நல்ல விலை சொல்வார். யாரைக் குறை சொல்வது?

நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் கார்ஸ் டூர் பந்தயங்களை இணைய நேரலையில் பார்க்கலாம். ஹிக்கரி டிராக்கில் நடப்பதாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். 1951-லிருந்து ஓடும் டிராக், தாத்தா ரால்ஃப் சாம்பியன் பட்டம் வாங்கிய இடம். ஒரு சுற்று 600 மீட்டர்கூட இல்லை, பதினைந்து பதினாறு வினாடியில் முடிந்துவிடும். முதலில் போகிறவரை மட்டும் பார்க்காமல் ஆறாவது ஏழாவது இடத்தில் இருப்பவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய பின்சக்கரங்களைக் கவனியுங்கள். அவருக்கு எப்போது வால் வழுக்க ஆரம்பிக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் மீதிப் பந்தயம் தானாகப் புரியும். கொடி விழுந்ததும் அணைத்துவிடாதீர்கள். முதலில் வந்த வண்டிகளை அதிகாரிகள் எடை மேடையில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஜெயித்ததாக அறிவித்தவர் அங்கே தகுதி இழந்து, இரண்டாவது வந்தவர் கோப்பையோடு வீட்டுக்குப் போன இரவுகள் நிறைய உண்டு.